ஒரு காதில் ஆடு, மறு காதில் அகத்திக்கீரை

அநியாயம் நடந்தது மங்கையர்க்கரசிக்கு. முதுகலைத் தத்துவம் இரண்டாம் ஆண்டு, ஊர் உறையூர், வயது இருபத்திரண்டு, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தை இன்று காலை பத்து மணிவரைக்கும் யாரிடமும் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. நாலு மாதமாக மொட்டை மாடியில் குந்தி, களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, உருட்டி, தட்டி, ஊசியால் கீறி, நிழலில் உலர்த்தி, பழைய எண்ணெய் டின்னில் உமியும் தேங்காய் மட்டையும் போட்டுச் சுட்டு, எதிர்வீட்டுக்காரர் மூன்றுதரம் ‘புகை, புகை’ என்று கத்திவிட்டுப் போக, வண்ணம் பூசி அவள் செய்து முடித்த நூற்றிருபது ஜோடிச் சுடுமண் கம்மலுக்கு மேலே ஆறடி நீளத்துக்கு ஒரு பேனர் தொங்கியது: ‘பார்வையற்ற மாணவியரின் பிஞ்சு விரல்கள் படைத்த அற்புதம்.’ இது முதல் அநியாயம். இரண்டாவதைச் சொல்வதற்குக் கம்மலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். மங்கை செய்கிற கம்மல் எதுவும் இரண்டு காதுக்கும் ஒன்றாக இருக்காது. ஒரு காதில் ஆடு என்றால் மறு காதில் அகத்திக்கீரை. ஒரு காதில் பூட்டு, மறு காதில் சாவி. ஒரு காதில் பூனை, மறு காதில் நெத்திலி. இரண்டு காதும் ஒரே மூஞ்சியில் இருக்கிற பாவத்துக்காக ஒரே மாதிரி உடுத்திக்கொள்ளவேண்டுமா என்ன, அவை என்ன பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரட்டைப் பிள்ளைகளா என்பது அவள் கட்சி; இந்தக் கட்சிக்காக அவள் யாரோடும் எவ்வளவு நேரமும் வாதாடுவாள், வாதாடியும் இருக்கிறாள். அந்த நூற்றிருபது ஜோடியையும் டிரஸ்ட் செயலாளர் அம்சவேணி மேடம் காலை ஏழு மணிக்கே வந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டை அட்டையாகக் கழற்றி, ஆட்டுக்கு ஆடு, கீரைக்குக் கீரை, பூட்டுக்குப் பூட்டு என்று நேராக்கி வைத்துவிட்டார். “பாவம், புள்ளைங்க ஜோடி மாத்திப் போட்டிருச்சுங்க. அதுங்களுக்கு எப்படித் தெரியும்? நானே உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்” என்று நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தால், பார்த்தவர்கள் காலில் விழுந்துவிடுவார்கள்.

இப்போது மணி பதினொன்றே கால். தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பார்வையற்ற மாணவியர் விடுதிக்காக டிரஸ்ட் நடத்தும் தர்ம சந்தை. வலப்பக்கம் நைட்டிக் கடை, இடப்பக்கம் அதிரசக் கடை, நடுவில் மங்கையின் மேஜை. மேஜைக்குப் பின்னால் மங்கையும், பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தாவும். ஜெசிந்தா அந்த விடுதியில் தங்கிப் படிப்பவள், அதன் பிரதிநிதி, வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி, மணப்பாறைக்காரி, மங்கைக்கு ஒரு வருஷம் சீனியர். மேஜைக்கு முன்னால் எலுமிச்சை நிறப் புடவையில் ஓர் அம்மாள். அவர் ஆட்டுக்கு ஆடு அட்டை ஒன்றை எடுத்து, தூக்கிப் பிடித்து, உச்சுக்கொட்டி, “என் மருமகளுக்கு வர்ற புதன்கிழமை வளைகாப்பு. வர்ற பொம்பளைங்களுக்கு வெத்தலை பாக்கோட குடுக்க இருக்குற எல்லாத்தையும் எடுத்துக்கறேன். இப்படிப்பட்ட புள்ளைங்க கையால செஞ்சதைக் குடுத்தா வயித்துல இருக்குறதுக்குப் புண்ணியம்” என்று சொல்லிவிட்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுவந்து, ஏதோ சந்தேகம் தட்டியதுபோல் மங்கையை நேராகப் பார்த்து, “இதையெல்லாம் நெசமாவே கண்ணு தெரியாத புள்ளைங்கதான் செஞ்சுதாம்மா?” என்று கேட்டார். மங்கை வாயைத் திறந்தாள். அம்மாளின் கைப்பையில் போன் அடித்தது. ஒற்றை விரலைத் தூக்கி, “இரும்மா, சமையல் மாஸ்டரு” என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். திறந்த வாயை மூடவேண்டும் என்று மங்கைக்குத் தோன்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என்ன சொல்லப் போகிறாள்? ‘இல்லை’ என்று சொல்லப் போகிறாள், வேறென்ன. உண்மை ஒன்றுதானே இருக்கிறது, ஒன்றாக இருப்பதுதானே அதில் உள்ள சங்கடமே, இரண்டு மூன்று இருந்தால் அளவு பார்த்து எடுத்துக்கொடுக்கலாம், அந்த நைட்டிக் கடைக்காரி கொடுப்பதுபோல. இல்லைம்மா, செஞ்சது நான். சொல்லிவிடலாம். சொன்னால் அம்மாள் அட்டையைக் கீழே வைத்துவிடுவார், அப்படி வைக்கும்போது முகத்தில் ஒரு சுளிப்பு வரும், பழம் இனிப்பாக இருக்கும் என்று நம்பி வாங்கினவர்களுக்கு வருகிற சுளிப்பு, அதிரசக் கடைக்குப் போய்விடுவார், அதிரசம் யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். இருக்கிறதெல்லாம் விற்றுப் போகாவிட்டால் விடுதிக்குப் பிரெய்ல் அச்சு மெஷின் வராது. அம்சவேணி மேடம் மைக்கிலேயே சொல்லியாயிற்று, இந்த மேஜை இன்றைக்குக் காலியானால் மெஷினுக்குக் குறைவதை டிரஸ்ட் போடும், காலியாகாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. அடுத்த வருஷம் என்றால் ஜெசிந்தாவின் ஆய்வில் இன்னொரு வருஷம் காதால். காதாலயே படிச்சுக் காது புளிச்சுப் போச்சுடீ, என்று அவள் சொன்னது ஆனி மாதத்தில், நூலகப் படிக்கட்டில், ஒரு கையில் வேர்க்கடலை. போன்ல ஒரு பொம்பள மூக்கால படிக்கிறா, கல்வெட்டு வாசகத்தையும் அதே குரல்ல படிக்கிறா, ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி. கடைசியா ஒரு புத்தகத்தை நான் விரலால தொட்டுப் படிச்சது பிளஸ் டூவுல. அதுக்கப்புறம் எவளோ ஒருத்தி எனக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டேதான் இருக்கா. எனக்கு யாரும் பக்கத்துல இல்லாம, சத்தமே இல்லாம, மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஒரு பக்கம் படிக்கணும்டீ. அவ்வளவுதான் சொன்னாள். மங்கைக்கு அன்றைக்கே மண் வாங்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியதில் தப்பில்லை. தப்பில்லையே?

“ஏழு சாதம்னு சொல்லிட்டு லிஸ்ட்டுல ஆறுதானே மாஸ்டர் எழுதியிருக்கீங்க? எண்ணிப் பாருங்க. புளி, எலுமிச்சை, தேங்கா, தக்காளி, தயிரு, சக்கரைப் பொங்கலு. எத்தனை ஆச்சு?”

ஆறு ஆயிற்று. அதே சமயம் அம்சவேணி மேடத்தின் குரல் ஒலிபெருக்கியில் ‘பிஞ்சு விரல்கள், பிஞ்சு விரல்கள்’ என்று கூடத்தின் நாலு மூலையிலும் மோதிக்கொண்டு வந்தது. காலையில் இந்தப் பேனரை மங்கை வாசித்துக் காட்டியபோது ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் அதிரசக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “எது, பிஞ்சா? எனக்கு இருபத்தி மூணு முடிஞ்சுபோச்சு. போன வாரம் நாப்பது பக்கம் டைப் அடிச்ச விரலுடீ இது, பிஞ்சுன்னா கழண்டு விழுந்திருக்கும்.” அதோடு நிறுத்தினாளா? மேஜையைத் தடவி ஓர் ஆட்டை எடுத்து, கொம்பைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, நாலாவது காலில் விரல் வந்தவுடன் நின்று, “ஏய், இந்தக் காலு ஏன் குட்டையா இருக்கு?” என்றாள். அது நடக்கிற ஆடு, அக்கா, முன்னங்கால் மடங்கியிருக்கு, பாவனை, என்று மங்கை சொன்னாள். “பாவனையா? எங்க ஹாஸ்டல்ல எவளாச்சும் இப்படிச் செஞ்சா நாங்களே ஓட்டித் தள்ளிருவோம். நாங்க சேலை மடிச்சா ஓரத்தோட ஓரம் நிக்கும். இத்தனை கோணலையும் எங்க பேருல வித்தா எங்க மானம் என்னடீ ஆவுறது?” மங்கை தனக்கு அநியாயம் நடந்தது என்று புறப்பட்டால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் நடந்ததாகத் தெரிகிறது. ஒருத்தியின் பெயர் போயிற்று, இன்னொருத்தியின் தலையில் நூற்றிருபது ஜோடிக் கோணல் ஏறிற்று. தராசில் வைத்தால் எந்தப் பக்கம் இறங்கும்? காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் சொன்னதை நினைத்தாலே மங்கைக்குக் காது சுட்டது. ஒருவர்: கண்ணு தெரியாமலே இவ்வளவு தூரம் செஞ்சிருக்காங்களே. இன்னொருவர்: பரவாயில்லை, ஆடுன்னு கண்டுபிடிக்க முடியுது. பரவாயில்லையா! அந்த ஆட்டின் தாடியை மூன்று தடவை அழித்து அழித்துக் கீறினாள் அவள். ஓர் அப்பா தன் மகளிடம், பாத்தியா, கண்ணில்லாதவங்களே இவ்வளவு செய்றாங்க, நீ கணக்குல என்ன வாங்கியிருக்கே, என்று கேட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் மங்கை தானே எரிந்துபோனதாக உணர்ந்தாள். பார்வை தெரிகிறவள் செய்தது என்று சொன்னால் இதே ஆடு என்ன ஆகும்? சுமார் ஆகும். அவ்வளவுதான். அதுதான் பயமோ? அம்மா சொல்வாளே, தங்கம் போட வக்கில்லாத வீடு மாதிரி மண்ணாங்கட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறே, என்று. தங்கம் போட வக்கில்லாத வீடுதான், அது வேறு விஷயம்.

வாதமாக யோசிக்கலாம். வாதம் என்று வந்துவிட்டால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும், நாற்காலியிலேயே முதுகு நிமிரும். நடுவர் அவர்களே! பத்து மணிக்கு அவள் அம்சவேணி மேடத்திடம் நேராகப் போய், மேடம், பெட்டி விடுதி வார்டன் மூலமா வந்ததால உங்களுக்குத் தெரியலை, இதைச் செஞ்சது நான், ஜோடியும் அப்படித்தான், வேணும்னே செஞ்சது, என்று சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். கன்னத்தைத் தட்டி, “அதனால என்னம்மா? அவங்களுக்காகத்தானே செஞ்சே? அப்ப அவங்க செஞ்ச மாதிரிதான்” என்றார். நடுவர் அவர்களே, இந்த அனுமானத்தைக் கவனியுங்கள். ஒருவருக்காகச் செய்தது ஒருவர் செய்தது. அப்படியானால் விடுதிச் சமையல்காரர் எனக்காக உப்புமா கிண்டினால் நான் உப்புமா கிண்டினேன். டாக்டர் எனக்காக அறுவைசிகிச்சை செய்தால் நான் அறுவைசிகிச்சை செய்தேன். கட்டணம் யார் தருவது? பேனரையாவது கழற்றலாமே மேடம் என்றதற்கு, கழற்ற ஏணி வேணும், ஏணி பந்தல்காரர் கிட்ட, பந்தல்காரர் டிபனுக்குப் போயிருக்கார், என்று மூன்று படியில் இறங்கிவிட்டார். மோசமானவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். விடுதிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் வாங்கிக்கொடுத்தவர் அவர். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டவர் அவர். இந்த மண்டபத்தை ஒரு நாளைக்குக் கேட்டு மூன்று மாதம் நடையாய் நடந்தவர் அவர். காலை ஏழு மணிக்கு ஒருவர் உட்கார்ந்து இருநூற்று நாற்பது கொக்கியைக் கழற்றி மாட்டினார் என்றால் அது அன்பு. அன்பாக வந்து ஆட்டிடமிருந்து கீரையைப் பிடுங்கிவிட்டார். இப்படிப்பட்ட அன்பை எந்தப் பிரிவின் கீழ் வாதாடுவது?

“கருவேப்பிலை சாதமா? அது சாதமில்லை மாஸ்டர், அது பொடி. நாத்தனார் வர்றா, அவ எண்ணுவா. மறுபடி சொல்லுங்க, புளி, எலுமிச்சை...”

பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கொக்கி அட்டையில் உரசுகிற டிக், டிக். திரும்பாமலே மங்கைக்குத் தெரிந்தது, ஜெசிந்தா கையைச் சும்மா வைத்திருக்கமாட்டாள், மேஜையில் எதையோ நோண்டிக்கொண்டிருக்கிறாள். நோண்டட்டும். முதலில் பதில். பொய் சொல்லலாமா, ஒரே ஒரு தடவை? ஆமாம்மா. இரண்டே சொல். மெஷின் வந்துவிடும், விடுதியில் முப்பத்தோரு பேர் மல்லாக்கப் படுத்துப் படிப்பார்கள், வளைகாப்புக்கு வந்த பெண்கள் இரண்டு காதிலும் ஆட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வளையல் அடுக்குவார்கள், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தப்பான விலாசத்திலிருந்து புண்ணியம் போய்ச் சேரும். யாருக்கு என்ன நஷ்டம்? மங்கையின் பெயர்தானே, அது யாருக்கு வேண்டும், மங்கையர்க்கரசி என்று முழுசாக எழுத ஒரு கம்மல் அட்டையில் இடம்கூடக் கிடையாது. அப்படியென்றால் ஏன் இப்படி எரிகிறது? தர்மத்துக்காகச் செய்தேன் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டவள், பெயர் போனதும் துடிக்கிறாள் என்றால், எதற்காகச் செய்தாள்? துறையில் ஒரு பேச்சு வரும் என்று நினைத்தாளா இல்லையா? நினைத்தாள். மேஜையில் அழகாக நின்றுகொண்டு, நீங்களே செஞ்சதா என்று கேட்பவர்களுக்கு, சும்மா பொழுதுபோக்குக்கு என்று பணிவாகத் தலையை ஆட்டுவதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாளா இல்லையா? பார்த்தாள், இரண்டு தடவை, ஒரு தடவை கம்மல் போட்டும் ஒரு தடவை போடாமலும். இதை நடுவர் அவர்களிடம் சொல்லவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டாம். ஆனால் அது வந்துவிட்டது, வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருஷம் முந்தி, தேர்வுக்கூடம் எண் நாலு. ஜெசிந்தா பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் ஆளாக மங்கை போயிருந்தாள். அப்படித்தான் இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே. ஆறாவது கேள்வி, ரயத்துவாரி முறையின் நன்மை தீமைகளை விளக்குக. ஜெசிந்தா மெல்லிய குரலில், நன்மைகள், ஒன்று, உழவர் அரசாங்கத்துக்கு நேரடியாக வரி கட்டியதால் இடைத்தரகர் தொல்லை குறைந்தது, என்றாள். மங்கையின் பேனா நின்றது. உழவர்களைக் கசக்கிப் பிழிந்த வெள்ளைக்காரனுக்கு நன்மையா? இவள் பேனாவாலா? இரத்தம் கொதித்தது. ஜெசிந்தா சொன்னதை விட்டுவிட்டு, ‘இம்முறையில் நன்மை என்று எதுவும் இல்லை, அப்படிச் சொல்வது அப்பட்டமான அடிமைப் புத்தி’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள். நல்ல தடித்த கோடு. கடைசியில் ஒருதரம் படிச்சுக் காட்டுங்க என்று ஜெசிந்தா கேட்டபோதுதான் வெடித்தது. “நன்மையை எழுதுன்னு கேள்வியே கேட்டிருக்காண்டீ! அஞ்சு மார்க்கு! என் பேப்பர்ல உன் கருத்தை எழுத உன்னை யாருடீ கூப்பிட்டா?” கண்காணிப்பாளர் ஓடி வந்தார். அடித்து எழுத நேரமில்லை, மணி அடித்துவிட்டது. விடைத்தாளின் முகப்பில் ஜெசிந்தாவின் எண், உள்ளே மங்கையின் கொதிப்பு. உனக்காகத்தானே எழுதினேன் என்று அன்றைக்கு அழுதுகொண்டே இவள் சொன்னாளா இல்லையா? சொன்னாள். அவங்களுக்காகச் செஞ்சது அவங்க செஞ்ச மாதிரி. அனுமானம் அதேதான் நடுவர் அவர்களே, கன்னத்தைத் தட்டவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அம்சவேணி மேடம் இவள் செய்ததை அவர்கள் பெயரில் ஏற்றினார், இவள் தன் பேச்சை அவள் பெயரில் ஏற்றினாள். மேடமாவது பேனரோடு நிறுத்தினார். இவள் கோடு போட்டாள்.

இந்த நினைப்பு வந்ததும் மங்கைக்கு உடம்பு முழுக்க ஒரு கூச்சம் பரவி, கை தானாக மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தது. அப்போதுதான் அவள் ஜெசிந்தாவின் கையைப் பார்த்தாள். ஜெசிந்தா முகத்தைக் கூடத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கேட்கிறவள்போல் தலையைச் சாய்த்து, மடியில் ஒரு தட்டை வைத்திருந்தாள். இடது கை ஓர் அட்டையிலிருந்து ஆட்டைக் கழற்றுகிறது, வலது கை இன்னோர் அட்டையிலிருந்து கீரையைக் கழற்றுகிறது, இரண்டும் குறுக்கே போய் மாட்டிக்கொள்கின்றன. டிக், டிக். கொம்பு தட்டுப்பட்டால் ஒரு பக்கம், காம்பு தட்டுப்பட்டால் மறு பக்கம். ஒரு தடவை நெத்திலி ஒன்று கைக்கு வந்தது. வாலை ஒரு தடவு தடவி, கீரையோடு சேர்க்காமல் தனியாக விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் பூனையைத் தேடினாள். பத்துப் பன்னிரண்டு அட்டை முடிந்து மேஜைக்குத் திரும்பியிருந்தது. கொக்கி ஒன்றுகூட வளையவில்லை. மங்கை அவற்றை முதன்முதலில் மாட்டியபோது பாதியை வளைத்துத் திரும்ப நிமிர்த்தினாள்.

“என்னக்கா பண்றே?” என்று கிசுகிசுத்தாள்.

“ஆட்டுக்குப் பசிக்கும்ல? எம்மாம் நேரம் ரெண்டு ஆடும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும்? அந்தம்மா இன்னும் சோறுதான் எண்ணுதா?”

“ஏழாவது கிடைக்கலை.”

“நீ என்ன சொல்லப்போறே?”

“அதான்க்கா தெரியலை. நெசத்தைச் சொன்னா மெஷின் போயிரும்.”

“போனா?”

“போனான்னா? நீ இன்னொரு வருஷம் அந்த மூக்கால படிக்கிறவகிட்டதான்...”

“அவகிட்ட நான் படிச்சுக்குவேன். கோணக்கால் ஆட்டுக்கு நான் பொறுப்பாக முடியாது.” டிக். “மெஷின் எனக்கு வேணும்டீ. ரொம்ப வேணும். ராத்திரி கனவுல அது கடகடன்னு பேப்பரைத் துப்புது. அதுக்காக அந்த மருமவ வளைகாப்புல என்னைப் பாவம் பாவம்னு தாம்பூலத்துல வெச்சு நீட்டணுமா?” டிக். “நீ ஏன் மூச்சு வாங்குறே? ரயத்துவாரி ஞாபகம் வந்திருச்சா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“கொதிச்சா மூக்குல புஸ்ஸுன்னு விடுவே. வெக்கப்பட்டா விரிப்பை இழுப்பே. ரெண்டும் கேட்டுச்சு.” கையில் கிடைத்த கடைசி ஆட்டின் மடங்கிய காலை மறுபடி ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, “தாடி மட்டும் நல்லாத்தான் வந்திருக்கு” என்றாள்.

நாலு மாதத்தில், இன்றைக்குக் காலையிலிருந்து இத்தனை ஐயோ பாவம், பரவாயில்லை, அற்புதத்துக்கு நடுவில், தாடியைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள். இந்த வயதில் ஆட்டுத் தாடிக்காக அழுதாள் என்று பெயர் வரக்கூடாது என்று மங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். பேச்சுப் போட்டியில் ஒருமுறை இப்படித்தான், எதிரணியை மடக்குகிற இடத்தில் குரல் உடைந்து, பார்த்தவர்கள் எல்லாம் தோற்றுவிட்டாள் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். இன்றைக்கு உடையக்கூடாது. சொல்லவேண்டியதை வரிசைப்படுத்தவேண்டும். முதலில் படைப்புரிமை, அடுத்தது பரிதாபத்துக்கும் மரியாதைக்கும் உள்ள வேறுபாடு, மூன்றாவதாக இரட்டைப் பிள்ளைகள் உவமை, நாலாவதாக, அம்மா, நீங்கள் கேட்கிற புண்ணியம் என்பது எத்தகையது என்றால்... நாலாவது நீளமாகப் போகிறது. நீளமாகப் போனால் அந்தம்மாள் நடுவில் கிளம்பிவிடுவார். சுருக்கமாகவும் இருக்கவேண்டும், கூர்மையாகவும் இருக்கவேண்டும், மெஷினும் வரவேண்டும், பொய்யும் கூடாது. இப்படி ஒரு வாக்கியம் தமிழில் இருக்கிறதா? தமிழில் இல்லாவிட்டால் எதில் இருக்கும்?

“மாங்கா சாதமா! அடடா, அதைத்தான் மாஸ்டர் விட்டுட்டோம்! ஏழாச்சு. வைங்க, வைங்க.”

போன் கைப்பைக்குள் போயிற்று. எலுமிச்சைப் புடவை அம்மாள் பாரம் இறங்கின முகத்தோடு திரும்பி, எங்கே விட்டோம் என்று ஒரு கணம் யோசித்து, மேஜையைப் பார்த்தார். மேஜையில் இப்போது பத்துப் பன்னிரண்டு அட்டையில் ஆடு கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒன்றை எடுத்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். வாய் ஓரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது, வந்ததை அவரே கவனிக்கவில்லை. அட்டையைக் காதோரம் தூக்கிப் பிடித்து, நைட்டிக் கடைக் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, ஆட்டுப் பக்கம் ஒருதரமும் கீரைப் பக்கம் ஒருதரமும் முகத்தைத் திருப்பினார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, காரியத்துக்கு வந்தார்.

“சொல்லும்மா. யாரு செஞ்சது?”

நடுவர் அவர்களே, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு பிரிவும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வாசலில் நின்றன. மங்கை மூக்கால் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டாள். பிறகு, “நான்” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். சற்றே குனிந்து, மங்கையின் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை இடதும் வலதுமாக ஆட்டிப் பார்த்தார். மங்கையின் கண் கையோடு போய்க் கையோடு வந்தது.

“உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே!”

“தெரியும்மா.”

“அப்ப கண்ணு தெரியாத புள்ளைங்க என்னதாம்மா பண்ணுச்சுங்க?”

கேள்வி மங்கையைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. மடியிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றது ஜெசிந்தா. குரல் வந்த உயரத்துக்கு முகத்தை நிமிர்த்தி, வளைகாப்புக்கு அழைக்க வந்தவரோடு பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

“நாங்க படிக்கிறோம்மா. நிம்மதியாப் படிக்க ஒரு மெஷின் கேக்குறோம், அதுக்கு இவ கம்மல் செஞ்சா. கோணல் மொத்தமும் இவளோடது. பிடிச்சிருந்தா வாங்குங்க, இல்லன்னா விட்டுருங்க, அதுக்காக எங்களை மட்டும் பாவம்னு சொல்லாதீங்க.”